பக்கத்து வீணை

காரைக்குடி என்றதும் வெளியூரில் இருக்கும் நம் நண்பர்களுக்குச் சாப்பாடும் பெரிய வீடுகளும் ஞாபகம் வரும். ஒரு காலத்தில் சங்கீதம் தெரிந்தவர்களிடம் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் ஞாபகம் வந்தது வீணை. அதுவும் ஒன்றல்ல, ரெண்டு.

சுப்பராம ஐயர் 1883-லும், தம்பி சாம்பசிவ ஐயர் 1888-லும் பிறந்தவர்கள். புதுக்கோட்டைச் சீமையில் தலைமுறை தலைமுறையாக வீணை வாசித்த குடும்பம். செட்டிநாட்டில் கிடைத்த ஆதரவில் இங்கே வந்தார்கள். ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது, காரைக்குடி சகோதரர்கள் ஆனார்கள்.

அண்ணன் வீணையைத் தம்புரா மாதிரி நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார். தம்பி எல்லாரையும் போலப் படுக்கையாக வைத்துக்கொள்வார். பார்க்க விசித்திரமான ஜோடிதான். ஆனால் விடியுமுன் எழுந்து சேர்ந்து சாதகம் பண்ணிய கைகள். அழுத்தமான மீட்டும், தாளத் தந்திகளோடு சேர்ந்து நடக்கும் தானமும் அவர்கள் பாணிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தன. கூட புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் மிருதங்கம். வேறென்ன வேணும்!

1936-ல் அண்ணன் காலமானார். அதே வருஷம் தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் போய்விட்டார். சாம்பசிவ ஐயருக்கு அப்போது 48 வயசு.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், மன்னிக்கவும். காலேஜ் முடித்ததும் நான் வீணைக்கு உறை போட்டு ரெண்டாம் கட்டு அறையில் வைத்தவன். வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று பதினெட்டு வருஷம் ஓடிப்போச்சு. எடுத்துப் பார்த்தால் நம்மூர் வெயிலில் மெழுகு இளகி மெட்டுகள் சரிந்திருந்தன, தந்தியெல்லாம் துரு. இருபத்துநாலு மெட்டையும் புது மெழுகில் பதித்து மேளம் கட்ட ஆள் கிடைத்தார். என் இடது கை விரலில் இருந்த காய்ப்புதான் இல்லை. ரெண்டாம் நாளே விரல் வெட்டுப்பட்டு மறுபடி உறை போட்டுவிடலாமா என்று தோன்றியது. அந்த வாரத்தில்தான் ஐயரைப் பற்றி அடிக்கடி நினைத்தேன். அவருக்கு வீணையும் சரியாக இருந்தது, விரலும் சரியாக இருந்தது. பக்கத்து இடம் மட்டும் காலி. சின்ன வயசிலிருந்து இன்னொரு வீணையைக் கேட்டுக்கொண்டே வாசித்தவர் தனியாகத் தந்தியைத் தொட உட்காருவது, என் விரல் வலியோடு ஒப்பிடக்கூடிய சமாசாரமா?

அவர் உட்கார்ந்தார். 1932-ல் பிறந்த ரங்கநாயகி சிறு குழந்தையாகவே அவரிடம் குருகுலவாசத்துக்கு வந்து சேர்ந்தார். கண்டிப்பென்றால் சாதாரணக் கண்டிப்பில்லை, இந்தக் காலத்துப் பெற்றோர் ஒரு நாள் தாங்க மாட்டார்கள். அந்தக் குழந்தைதான் வளர்ந்து, மேடையில் குருவின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தது. ரங்கநாயகி ராஜகோபாலன் என்று நாடறிந்த அவர் 2018-ல் காலமானார். அண்ணனின் பேத்தி ராஜேஸ்வரி பத்மநாபனும் ஐயரிடம்தான் கற்றார்.

1952-ல் ஐயருக்கு மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம். அதே வருஷம் மத்திய சங்கீத நாடக அகாடமி விருது. அந்த விருது தொடங்கிய முதல் தடவையே கர்நாடக வாய்ப்பாட்டுக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும், வாத்தியத்துக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயரும் வாங்கினார்கள். அரியக்குடிக்கும் காரைக்குடிக்கும் எத்தனை தூரம் என்று நமக்கா தெரியாது, சைக்கிளில் போய் வந்த பாதை!

ருக்மிணி தேவி அழைக்க, கடைசி வருஷங்களில் சென்னை கலாக்ஷேத்ராவில் சொல்லிக்கொடுத்தார். அண்ணனின் பேரன் சுப்பிரமணியனை 1957-ல் தத்து எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷம், எழுபதாவது வயசில் ஐயர் காலமானார். பையனுக்கு அப்போது பதினாலு வயசு இருக்கும். அவரும் வீணைதான் வாசித்தார்.