மோட்டார் கராஜிலிருந்து இமயமலை வரை: டாக்டர் மைக்கேல் டில்லன்



சோழவரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஏரி ஞாபகம் வரும். கொஞ்சம் வயதானவர்களைக் கேட்டால் மோட்டார் ரேஸ் என்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதையில்தான் பிற்பாடு பல ஆண்டுகள் அந்த ரேஸ் நடந்தது. அதே போர்க் காலத்தில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மோட்டார் கராஜ் ஒன்றில், பெட்ரோல் போட்டுக்கொண்டும் பழுதான வண்டிகளைக் கட்டி இழுத்து வந்துகொண்டும் இருந்த ஒருவரின் வாழ்க்கையை இங்கே சொல்லப் போகிறோம். பிறகு அவர் டாக்டரானார். கடைசியில் நம் இந்திய மண்ணில்தான் கண்ணை மூடினார். பெயர் மைக்கேல் டில்லன்.

அவர் 1915 மே 1ஆம் தேதி லண்டனில் பிறந்தார். பெண் குழந்தை என்று பதிவு செய்து பெண் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை அவரே விட்டுவிட்டதால் நாமும் இங்கே எழுதவில்லை. பிறந்த சில நாட்களிலேயே தாய் இறந்துபோக, அவரையும் அண்ணனையும் ஃபோக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில் அத்தைமார்கள் வளர்த்தார்கள். அயர்லாந்தில் பரம்பரைப் பட்டம் உடைய பெரிய குடும்பம். ஆனால் பெண்ணாக வளர்ப்பதும், பெண்ணாகப் பார்ப்பதும் அந்தப் பிள்ளைக்கு ஒட்டவே இல்லை.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பெண்கள் பிரிவில் சேர்ந்து படித்தார். படகு வலிப்பதில் கெட்டிக்காரர். பெண்கள் படகுக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, ஆண்கள் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு திரிவார். இன்று இப்படிப்பட்டவர்களைத் தமிழில் திருநம்பி என்கிறோம். அன்றைக்கு அதற்கு ஒரு பெயரே கிடையாது. மருந்தும் கிடையாது. தான் யார் என்பதை ஊருக்குச் சொல்ல அவரிடம் இருந்தவை தலைமுடியும் சட்டையும் நடையும் மட்டும்தான். அதற்கே எத்தனை பேர் திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பார்கள்!

1938ல் பட்டம் பெற்று ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1939ல் ஜார்ஜ் ஃபாஸ் என்ற டாக்டரைப் போய்ப் பார்த்தார். அதிக உதிரப்போக்கால் அவதிப்படும் பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த மாத்திரை டில்லனுக்குக் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பு ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த மருத்துவரோ கேட்ட ரகசியத்தை வெளியே உளறிவிட்டார். ஊரெல்லாம் அதே பேச்சு. டில்லன் வேலையை விட்டுவிட்டுப் பிரிஸ்டலுக்குப் போனார். ஆக்ஸ்போர்டு பட்டதாரிக்கு அங்கே கிடைத்தது கராஜ் வேலை.

கராஜ் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. புதுசாக வந்தவரைக் கேலி செய்யாமல் விடமாட்டார்கள். அந்த ஆள் உண்மையில் பொம்பளை என்று வருகிற கஸ்டமரிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். மாத்திரை மெல்ல மெல்ல வேலை செய்தது. குரல் தடித்தது, தாடி முளைத்தது. வாடிக்கையாளர்கள் குழம்பக் கூடாது, இனி எல்லோரும் இவரை ஆண் என்றே சொல்லிப் பேச வேண்டும் என்று கராஜ் மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரிய கொள்கை பேசி அவர் இதைச் செய்யவில்லை. வேலை ஒழுங்காக நடக்க வேண்டும் என்றுதான் செய்தார். ஆனாலும் டில்லன் தலைநிமிர்ந்து வேலை பார்க்க அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

பகலில் வண்டி இழுக்கும் வேலை. ராத்திரியில், ஜெர்மானிய விமானங்கள் குண்டு போடும்போது, கட்டடம் தீப்பிடிக்காமல் காவல் காக்கும் வேலை. ரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயங்கி விழும் உபாதையும் அவருக்கு இருந்தது. இரண்டு தடவை விழுந்து தலையில் அடிபட்டது. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் மார்பு அறுவை சிகிச்சை செய்து, பதிவேட்டைத் திருத்துவதற்கான சான்றும் கொடுத்தார். 1944ல் பிறப்புப் பதிவிலேயே அவர் ஆண் ஆனார். போரில் காயம்பட்ட வீரர்களின் உறுப்புகளைச் சீரமைத்த புகழ்பெற்ற ஹெரால்டு கில்லிஸ், 1946 முதல் 1949 வரை டில்லனுக்குப் பதின்மூன்று அறுவை சிகிச்சைகளாவது செய்திருக்கிறார். அதே காலத்தில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் படித்து 1951ல் டாக்டரானார். 1946ல், தன் கதையைச் சொல்லாமலே, இப்படிப்பட்டவர்களின் மனசை மாற்ற முயல்வதை விட உடலை மாற்ற உதவுவதே நியாயம் என்று வாதாடி ஒரு புத்தகமும் எழுதினார்.

கப்பல் டாக்டராக உலகம் சுற்றிக்கொண்டிருந்தார். 1958ல் மறுபடியும் ரகசியம் வெளியானது. பட்டக் குடும்பங்களைப் பட்டியல் போடும் இரண்டு புத்தகங்களில் ஒன்று அவரைத் தம்பி என்றது, மற்றொன்று தங்கை என்றது. நிருபர்கள் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் கப்பலுக்கே வந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் உதறிவிட்டு இந்தியாவுக்கு வந்தார் டில்லன். கலிம்போங், சாரநாத் என்று சுற்றி, 1960ல் லடாக்கில் ரிசோங் புத்த மடத்தில் இளந்துறவியானார். புத்தருக்கு மருத்துவம் பார்த்த ஜீவகரின் பெயரை வைத்துக்கொண்டு, லோப்சாங் ஜீவகா என்ற பெயரில் புத்தகங்கள் எழுதினார். 1962 மே 15ஆம் தேதி, இமயமலையில் டல்ஹவுசி ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 47. அவர் எழுதி முடித்திருந்த சுயசரிதை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் அச்சேறியது.

நண்பர்களே, இந்த வாழ்க்கையில் அவரை இரண்டு தடவை ஊரை விட்டு ஓட வைத்தது என்ன? அடுத்தவர் வாய்தான். ஒரு தடவை நிமிர்ந்து நிற்க வைத்தது என்ன? அதுவும் அடுத்தவர் வாயில் வந்த ஒரு சொல்தான். நம் தமிழில் ‘அவர்’ என்று சொன்னால் ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் யாரப்பா ‘அவர்’ போட்டுப் பேசுகிறார்கள்? வாடா, வாடி என்பதுதான் நம்ம பாஷை. டா, டி என்ற ஒற்றை எழுத்தில் ஒருத்தருடைய மானம் இருக்கிறது.

ஹார்மோன் சிகிச்சை டாக்டர் பார்த்துச் செய்ய வேண்டியது. அதற்குப் பணமும் காலமும் பிடிக்கும். அதுவரை ஒரு திருநம்பிக்கு முடிவெட்டும் பேன்ட் சட்டையும், தானே தேர்ந்தெடுத்த பெயரும்தான் துணை. மார்பு தெரியாமலிருக்கக் காயத்துக்குக் கட்டும் எலாஸ்டிக் பேண்டேஜை இறுக்கிச் சுற்றுகிறவர்கள் உண்டு. அது மூச்சை முட்டும், விலா எலும்பைப் பாதிக்கும். வெல்டிங் வெக்கையில் இன்னும் ஆபத்து. தொளதொள சட்டையோ, உள்ளே ஒரு பனியனோ போதும். இவர் ஆம்பளையா பொம்பளையா என்று நாம் துருவித் துருவிப் பார்க்காவிட்டால், இறுக்கிக் கட்ட வேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடும்.

2014ல் நம் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லலாம், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பிரிஸ்டல் மேனேஜருக்கு எந்தத் தீர்ப்பும் தேவைப்படவில்லை.

இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்ரண்டிஸாகப் போவோம். நாளைக்கு அங்கேயே சூப்பர்வைசர் ஆவோம். நம் ஷிப்ட்டிலும் ஒரு டில்லன் வந்து நிற்கலாம். அவரை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று அவரிடமே கேட்டு அப்படியே கூப்பிடுவோம். அவர் சொன்ன ரகசியத்தை நம்மோடு வைத்துக்கொள்வோம். செய்வோமா?