ஒளியை எண்ணிய சத்தியேந்திர நாத் போஸ்

பெயர் உலகெங்கும் வழங்க, அதற்குரியவர் மறக்கப்படுவது விஞ்ஞான வரலாற்றில் புதிதன்று. 'போசோன்' என்ற சொல்லை அறிந்தோர் பலர். அச்சொல்லுக்குத் தம் பெயரைத் தந்த சத்தியேந்திர நாத் போஸை அறிந்தோர் சிலரே.

1894 ஜனவரி 1ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்த போஸ், 1921இல் புதிதாக ஆரம்பிக்கப்பட்ட டாக்கா பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பிக்கச் சேர்ந்தார். அவரிடம் கலாநிதிப் பட்டம் இருக்கவில்லை. வெப்பமுற்ற பொருள் வீசும் ஒளி பற்றிய பிளாங்கின் விதியை மாணவர்களுக்கு விளக்க முற்பட்டபோது, அதன் நிறுவல் பழைய அலைக் கொள்கையையும் புதிய குவாண்டக் கொள்கையையும் கலந்தே நிற்பது அவரை உறுத்தியது.

அவர் கண்ட தீர்வு எண்ணும் முறையிலேயே இருந்தது. இரு நாணயங்களைச் சுண்டினால் நான்கு விளைவுகள் என்பது நாம் அறிந்த கணக்கு. ஆனால் ஒளித்துகள்களான போட்டன்களுக்குத் தனி அடையாளம் கிடையாது. இரண்டை இடம் மாற்றினாலும் புதிய நிலை தோன்றாது. எனவே இரு போட்டன்கள் இரு நிலைகளில் அமையும் வழிகள் நான்கல்ல, மூன்றே. அவற்றுள் இரண்டில் போட்டன்கள் சேர்ந்தே இருக்கும். கூடி வருவது ஒளியின் இயல்பு என்பது இதனால் புலனாகிறது.

1924 ஜூன் 4ஆம் திகதி அவர் இக்கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். முன்பின் அறியாத அந்த ஆசிரியரின் ஆக்கத்தை ஐன்ஸ்டீன் தாமே ஜேர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார்.

அக்கணக்கு தரும் வியப்பு இன்னும் தீரவில்லை. வெப்ப ஒளியிலிருந்து ஒரு போட்டனை அகற்றினால், எஞ்சியவற்றின் சராசரி எண்ணிக்கை குறைவதில்லை, இரட்டிப்பாகிறது. இது மாயமன்று. அவ்வொளியில் போட்டன்களின் எண்ணிக்கை ஏறியும் இறங்கியும் வருவது. ஒன்று அகப்படும் வேளை, பல திரண்டிருக்கும் வேளையாக அமையவே வாய்ப்பு அதிகம். ஒரு போட்டனைச் சேர்த்துப் பின் அகற்றுவதும், அகற்றிப் பின் சேர்ப்பதும் வெவ்வேறு விளைவைத் தரும் என்பதை 2007இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் நடந்த பரிசோதனை காட்டியது.

போஸுக்கு நோபல் பரிசு கிட்டவில்லை. போஸ்-ஐன்ஸ்டீன் ஒடுக்கத்தை ஆய்வுகூடத்தில் உருவாக்கியோர் 2001இல் அதனைப் பெற்றனர். 1945இல் கல்கத்தா திரும்பிய அவர், 1948இல் வங்காள விஞ்ஞான மன்றத்தை நிறுவி, தாய்மொழியில் விஞ்ஞானம் வளர உழைத்து, 1974 பெப்ரவரி 4ஆம் திகதி மறைந்தார்.

மாணவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற ஓர் ஆசிரியரின் பிடிவாதத்திலிருந்தே உலகின் கணக்கு மாறியது. தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கும் நமது பாடசாலைகள் மனங்கொள்ள வேண்டிய வாழ்வு இது.