பார்கவியின் கதையைக் கேட்ட பஷீர்

பேய் வந்தால் மந்திரவாதியை அழைத்து விரட்டுவதே பேய்க்கதைகளின் வழக்கம். அந்தப் பேய் யார், எப்படி இறந்தாள் என்று கேட்டவர் வைக்கம் முகம்மது பஷீர்.

1908 இல் கேரளத்தின் வைக்கத்தை அடுத்த தலையோலப்பறம்பில் பிறந்தார். 1930 இல் கோழிக்கோட்டில் உப்புச் சத்தியாக்கிரகத்தில் இறங்கியதால் பொலிஸாரிடம் அடிவாங்கி, கண்ணூர்ச் சிறைக்குப் போனார். பின்னர் பிடியாணைக்குத் தப்பி, கிடைத்த வேலைகளைச் செய்தபடி பல ஆண்டுகள் இந்தியா முழுவதும் அலைந்தார். திருவிதாங்கூர் ஆட்சிக்கு எதிராக எழுதியதற்காக 1940களில் மீண்டும் சிறை. திருவனந்தபுரம் மத்திய சிறையில், மதிலுக்கு அப்பால் இருந்த பெண் கைதியின் குரலோடு கொண்ட உறவைப் பின்னாளில் 'மதிலுகள்' என்ற நாவலாக்கினார். கதையில் அவள் முகத்தைக் காணாமலேயே அவர் விடுதலையாகிறார்.

முகம் தெரியாத இன்னொருத்திதான் பார்கவி. 'நீலவெளிச்சம்' சிறுகதையில், பேய்வீடு என்று ஊரார் அஞ்சும் வீட்டில் ஓர் எழுத்தாளர் தனியே குடியேறுகிறார். கிணற்றில் விழுந்து இறந்த பார்கவியோடு வீட்டுக்காரியோடு பேசுவதுபோலப் பேசுகிறார். ஓரிரவு விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட, வாங்கிவரப் போகிறார். திரும்பி வந்தால் அறை முழுவதும் நீல ஒளி.

இதை விரித்து பஷீரே திரைக்கதை எழுத, ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட் 1964 இல் 'பார்கவி நிலையம்' என்ற பெயரில் இயக்கினார். அவர் இயக்கிய முதல் படம் இது. மதுவும் பிரேம் நசீரும் விஜய நிர்மலாவும் நடித்தார்கள். பாபுராஜ் இசையமைத்தார். மலையாளத்தின் முதல் பேய்ப்படம் என்று சொல்லப்பட்டாலும், கேரளத்துக்கு வெளியே இதை அறிந்தவர்கள் குறைவு.

காதல் தோல்வியால் அவள் தற்கொலை செய்தாள் என்பது ஊர் சொன்ன கதை. வீட்டில் கிடைத்த கடிதங்களை வைத்து எழுத்தாளர் உண்மையைத் தேடுகிறார். அவளை அடைய விரும்பிய உறவினன் நாணுக்குட்டன் காதலனுக்கு நஞ்சு கொடுத்தான்; அவளைக் கிணற்றில் தள்ளினான். உண்மை எழுதப்படுவதை அறிந்ததும் எழுத்தாளரையும் கொல்ல வருகிறான். அதே கிணறு அவனை விழுங்குகிறது.

பேயைக் குற்றவாளியாக்காமல், கொலையின் சாட்சியாக நிறுத்தியதே இப்படம் தன் காலத்தை முந்திய இடம். அங்கே அஞ்சவேண்டியவன் உயிரோடு ஊருக்குள் நடமாடுகிறான்.

மனநோயின் பிடியிலும் சில காலம் தவித்து மீண்ட பஷீர், 1994 ஜூலை 5 இல் பேப்பூரில் காலமானார். 2023 இல் அதே திரைக்கதை 'நீலவெளிச்சம்' என்ற பெயரில் மீண்டும் படமானது. பார்கவிக்குச் சாந்தி பூசை எதுவும் அவர் செய்துவைக்கவில்லை. அவள் எப்படி இறந்தாள் என்பதை மட்டும் எழுதிவைத்தார்.