இருபது டாலர் நோட்டில் ஒரு கைதி



நம் குடியிருப்பில் பலருடைய பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். அங்கே போய் வந்தபோது மிச்சமான 20 டாலர் நோட்டு உங்கள் பீரோவில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மூக்குக் கண்ணாடியும் தலைத் துணியுமாக ஒரு பாட்டி இருப்பார். பெயர் மேரி ரீபி. இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதி அவர். வங்கியில் நோட்டு எண்ணியே காலம் கழித்த எனக்கு இது தெரிந்ததும் அவர் கதையைத் தேடிப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

மேரி 1777-ல் லங்காஷயரில் உள்ள பரி என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து ஓடிப்போனார். ஆண் பிள்ளை போல வேடமிட்டு, ஜேம்ஸ் பர்ரோ என்று பெயரும் வைத்துக்கொண்டார். குதிரை திருடிய வழக்கில் பிடிபட்டபோது அந்தப் பெயரில்தான் இருந்தார். அந்நாளில் குதிரைத் திருட்டு தூக்கு மேடை வரை போகக்கூடிய குற்றம். இவருக்கு ஏழு ஆண்டு நாடு கடத்தல் தண்டனை கிடைத்தது. 1792 அக்டோபரில் ராயல் அட்மிரல் கப்பலில் சிட்னி வந்து சேர்ந்தபோது வயது 15. வந்தவுடன் இங்கிலாந்தில் இருந்த அத்தைக்கு ஒரு கடிதம் எழுதினார். எப்படியாவது சீக்கிரம் ஊர் திரும்பிவிடவேண்டும் என்ற ஏக்கம் அதில் தெரிகிறது. அந்தக் கடிதம் இன்றும் சிட்னி நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அதிகாரி ஒருவர் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. 1794-ல் தாமஸ் ரீபியை மணந்தார். தாமஸ் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றியவர். இருவரும் தானியம் ஏற்றிச் செல்லும் படகில் தொடங்கி, கப்பல் வியாபாரம் வரை வளர்ந்தார்கள். ஏழு குழந்தைகள் பிறந்தன. 1811-ல் தாமஸ் இறந்தார். அடுத்த மாதமே வியாபாரக் கூட்டாளியும் போய்விட்டார். கப்பல்கள், கிடங்கு, நிலம், ஏழு பிள்ளைகள் என எல்லாப் பொறுப்பும் மேரியின் தலையில் விழுந்தன. அவர் அசரவில்லை. மறு ஆண்டே ஜார்ஜ் தெருவில் புதிய கிடங்கு திறந்தார். 1817-ல் ஆஸ்திரேலியாவின் முதல் வங்கியான பேங்க் ஆஃப் நியூ சவுத் வேல்ஸ் தொடங்கியது அவருக்குச் சொந்தமான வீட்டில், வாடகைக்கு. அந்த வங்கிதான் இன்றைய வெஸ்ட்பேக்.

1820-ல் இரண்டு மகள்களை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து போனார். கைதியாகக் கிளம்பிய நாட்டுக்குச் சீமாட்டியாகத் திரும்பினார். ஆனால் அங்கேயே தங்கவில்லை. அடுத்த ஆண்டு சிட்னிக்கே வந்துவிட்டார்.

என்னை யோசிக்க வைத்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். 1828 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தான் 1821-ல் சுதந்திரமாக வந்தவர் என்று பதிவு செய்துகொண்டார். அது பொய் என்று சொல்ல முடியாது, 1821-ல் சுதந்திரமாகத்தானே வந்தார். ஆனால் 1792-ஐக் காணோம். கணக்குப் படித்தவர்களுக்குப் புரியும். கூட்டல் சரி, ஆனால் ஆரம்ப இருப்பு எழுதவில்லை. பள்ளி நிர்வாகத்தில் பதவி, ஊரில் மரியாதை, பிள்ளைகளின் திருமணம் எல்லாம் இருக்கும்போது பழைய பக்கத்தைத் திறக்க யாருக்கு மனம் வரும்? 1855-ல் அவர் காலமானார். அவருடைய பேரன் தாமஸ் ரீபி பின்னாளில் டாஸ்மேனியாவின் பிரதமராகவே ஆனார்.

1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட கைதிகள் சுமார் 1,62,000 பேர். அதில் பெண்கள் சுமார் 25,000. மேரியைப் போலவே பல குடும்பங்கள் இதைத் தலைமுறைகளாக வெளியே சொல்லவில்லை. இன்றோ நிலைமை தலைகீழ். கப்பல் பட்டியலில் பாட்டியின் பெயரைக் கண்டுபிடித்தால் பெருமையோடு சொல்கிறார்கள். அந்தக் கைதிப் பதிவேடுகளை யுனெஸ்கோ 2007-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஆனால் தேடுவது சுலபமில்லை. மேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கைதானபோது ஓர் ஆண் பெயர், பிறந்த வீட்டுப் பெயர் ஹேடாக், கல்யாணத்துக்குப் பின் ரீபி, கணக்கெடுப்பில் வேறு வருடம். ஒரே தாளை நம்பினால் பாதிப் பெண்தான் கிடைப்பார்.

நம் வீடுகளிலும் யாரும் பேசாத ஒரு பாட்டி இருப்பார். விசாரிக்க நினைத்தால், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே விசாரித்து, கேட்டதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சங்கடமான வரி வந்தாலும் அடிக்காதீர்கள். மேரி விட்டுவிட்ட வரியோடு சேர்த்துத்தான் அந்த நாடு அவரை 1994-ல் நோட்டில் அச்சிட்டது.