எல்லை வகுத்த பிரியதர்சினி

நாட்டை ஆண்டவர்கள் பலர். ஆளும்போதே மரத்தையும் மண்ணையும் எண்ணிப் பார்த்தவர்கள் சிலர். அச்சிலருள் ஒருவராக நான் கருதுவது இந்திரா காந்தி அம்மையாரை. அவருடைய அரசியல் வாழ்வை நாம் அனைவரும் ஓரளவு அறிவோம். பனிபடர்ந்த தென்துருவக் கண்டமாகிய அண்டார்க்டிகாவோடு அவருக்கிருந்த தொடர்பை மாணவ நண்பர்களுள் எத்தனை பேர் அறிவோம்?

1917ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், ஜவகர்லால் நேரு - கமலா இணையரின் மகளாக அலகாபாத்தில் பிறந்தார் இந்திரா பிரியதர்சினி. பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோது தந்தை எழுதிய கடிதங்கள், உலகம் தோன்றிய வரலாற்றையும் உயிர்களின் வரலாற்றையும் அவருக்குக் கற்பித்தன. பின்னர்த் தாகூரின் சாந்திநிகேதனில் மரநிழலில் அமர்ந்து பயின்றார். இளமையில் விதைத்தது வீண்போகவில்லை.

1966இல் பிரதமரானார். 1972இல் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகள் அவை கூட்டிய சுற்றுச்சூழல் மாநாட்டிற்கு நேரில் சென்று, வறுமை ஒழிப்பையும் இயற்கைப் பாதுகாப்பையும் இணைத்துப் பேசினார். அவ்வாண்டே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அடுத்த ஆண்டில் புலிகள் காப்புத் திட்டமும் வந்தன. 1975இல் அவர் கொணர்ந்த நெருக்கடி நிலை அவர் வாழ்வில் நீங்காத கறை. 1977இல் மக்கள் அவரைத் தோற்கடித்தனர். 1980இல் அம்மக்களே அவரை மீண்டும் அழைத்தனர். அவ்வாண்டில் வனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

1981ஆம் ஆண்டின் இறுதி மாதங்களே என்னை மிகவும் சிந்திக்க வைத்தவை. நவம்பரில் கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார்: உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையில் கட்டடம் முதலியன எழலாகாது என்பது அதன் கருத்து. 1991இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைக்கு வித்து அதுவே. டிசம்பர் 6ஆம் நாள், முனைவர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து கப்பலேறி, 1982 ஜனவரி 9இல் அண்டார்க்டிகாவில் கால் பதித்தனர். ஒரு கையால் முன்னே செல்லுமாறு பணித்தவர், மறு கையால் நிற்க வேண்டிய இடத்தையும் காட்டினார்!

1983இல் இந்தியா அண்டார்க்டிகா உடன்படிக்கையில் இணைந்தது. அடுத்து, பனியடுக்கின்மேல் தட்சிண கங்கோத்ரி நிலையம் எழுந்தது. 1984 அக்டோபர் 31இல் அம்மையார் சுடப்பட்டு மாண்டார். அந்நிலையமும் சில ஆண்டுகளில் பனியில் புதைந்தது. 1989இல் பாறை நிலத்தில் மைத்ரி நிலையம் அமைந்தது. அதற்குக் குடிநீர் தரும் ஏரிக்குப் பிரியதர்சினி என்றே பெயர்.

மனிதன் சென்ற இடமெல்லாம் எண்ணெயும் குப்பையும் உடன் செல்கின்றன. கடுங்குளிரில் குப்பை எளிதில் மக்காது. மிதிபட்ட பாசி மீண்டும் தழைக்கப் பல்லாண்டுகள் ஆகும். ஆகவேதான் 1991இல் மாட்ரிட் நகரில் உருவான ஒப்பந்தம் அங்குச் சுரங்கத் தொழிலைத் தடுத்தது. கழிவு அகற்றுதலையும் கட்டாயமாக்கியது. 2022இல் நம் நாடாளுமன்றமும் இதற்கெனச் சட்டம் இயற்றியது.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் நான் அடிக்கடி பயணம் செய்பவன். வழியில் பள்ளிக்கரணையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. 2014இல் வடதுருவக் கடலில் இந்தியா இறக்கிய அளவீட்டுக் கருவியமைப்பில் அதற்குப் பெரும் பங்குண்டு. துருவத்தின் நாடி பார்க்கும் அக்கழகத்தின் அருகிலேயே நம் சதுப்பு நிலம் நலிந்து கிடக்கிறது. முன்பு ஐயாயிரம் ஹெக்டேர் அளவுக்குப் பரந்திருந்த அதில், 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது ஏறத்தாழ 1,248 ஹெக்டேரே. எஞ்சியவற்றுள் பெரும்பகுதியைக் குடியிருப்புகளும் அலுவலகங்களும் பெருங்குடிக் குப்பைமேடும் விழுங்கிவிட்டன. அங்கு வீடு கட்டியவர்களும் நம்மைப்போல் வாழ வழி தேடியவர்களே. எல்லை வகுப்பார் இல்லாமையே குறை. மழை வெள்ளம் வரும்போது அக்குறையை நம் வாசலிலேயே காண்கிறோம்.

அம்மையாரின் கொள்கைகள் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. எனினும் அவர் வாழ்விலிருந்து ஒன்றைக் கற்கலாம். முன்னேறத் தெரிந்தவர்க்கு நிற்கவும் தெரிய வேண்டும். நாளைய பொறுப்புகளை ஏற்கவிருக்கும் நாம் இதை மறவாதிருப்போமாக!