பைக்கைப் பிரிச்சுப் பார்த்த ஜி.டி.நாயுடு... கைவிட்டுப் போன 2,000 ரூபாய் கார்!

சங்கராபுரம் பக்கம் கரும்புக்கும் மரவள்ளிக்கும் தண்ணி பாய்ச்சுற மோட்டார்ல 'கோயம்புத்தூர்'னு பெயர் இருக்கான்னு பாருங்க. பல மோட்டார்ல இருக்கும். கோவை மோட்டார் ஊரானதில் ஜி.டி.நாயுடுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

1893-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். படிப்பு சின்ன வயசுலயே நின்னுபோச்சு. ஆங்கிலேய அதிகாரி ஒருத்தர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் மனசு அதுலயே நின்னுடுச்சு. ஓட்டல் சர்வரா வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒரு ரட்ஜ் பைக்கை வாங்கினார். வாங்கினதும் பார்ட் பார்ட்டா கழற்றி, திரும்ப மாட்டினார். இன்ஜின் பாடத்தை அவர் படிச்சது அப்படித்தான்.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி - பழனி ரூட்டில் இறங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமா வளர்ந்துச்சு. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டார் செஞ்சார். இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார்னு அதைச் சொல்றாங்க.

அதே 1937-ல்தான் ஜப்பானில் டொயோட்டா மோட்டார் கம்பெனி பிறந்துச்சு. அதைத் தொடங்கின கீச்சிரோ டொயோடாவும் நம்ம நாயுடு மாதிரிதான். தறி இயந்திரம் செய்யுற குடும்பம். செவர்லே இன்ஜினைப் பிரிச்சுப் பார்த்துப் படிச்சார். இன்ஜின் பிளாக்கை வார்க்கும்போது, உள்ளே தண்ணி ஓடும் பாதைக்கு மணல் அச்சு வைக்கணும். அது உடைஞ்சா மொத்த பிளாக்கும் வீண். நூற்றுக்கணக்கான பிளாக்குகள் வீணான பிறகு, 1934-ல் முதல் இன்ஜின் ரெடியாச்சு. 1936-ல் ஜப்பான் அரசு சட்டம் போட்டு, டொயோடா குடும்பக் கம்பெனிக்கும் நிசானுக்கும் வாகனம் தயாரிக்க லைசென்ஸ் கொடுத்துச்சு. ராணுவத்துக்கு லாரி வேணும்கிறதும் அதுக்கு ஒரு காரணம்.

நம்ம ஊர்ல? 1950-களின் தொடக்கத்தில், 2,000 ரூபாய்க்கு விற்கக்கூடிய ரெண்டு சீட் காரை நாயுடு உருவாக்கினார். தயாரிக்க அரசு லைசென்ஸ் தரல. கார் அதோட நின்னுபோச்சு.

1974-ல் அவர் காலமானார். 1945-ல் கோவையில் அவர் முயற்சியால் தொடங்கின தொழிற்கல்விக்கூடம்தான் இன்னைக்கு அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

அன்னைக்கு ஜப்பான்ல லைசென்ஸ் வாங்கின நிசான், 2010-ல் ரெனோவோடு சேர்ந்து நம்ம ஒரகடத்துல கார் தொழிற்சாலை திறந்துச்சு. ஐ.டி.ஐ. முடிச்சுட்டு அந்தப் பக்கம் இன்டர்வியூவுக்குக் கிளம்புறவங்க, நாயுடுவோட அந்த ரெண்டு சீட் காரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க. கையில வித்தை இருந்தும் அவருக்குக் கிடைக்காம போனது, ஒரே ஒரு அனுமதிக் காகிதம்தான்.