செயற்கை இடுப்பு மூட்டின் தந்தை சர் ஜான் சார்ன்லி

நம் திருத்தணி மலைக்கு ஆண்டின் நாள்களைப் போல 365 படிகள். ஒவ்வொரு படியிலும் உடலின் பாரத்தைத் தாங்குவது இடுப்பு மூட்டு. அது தேய்ந்துபோன பாட்டிமாருக்குப் பத்துப் படி ஏறுவதே பெரும்பாடு. அந்த வேதனைக்கு நிலையான மாற்று கண்டவர் ஜான் சார்ன்லி என்னும் ஆங்கில மருத்துவர்.

1911 ஆகஸ்டு 29-இல் இங்கிலாந்தின் பரி என்ற ஊரில் பிறந்தார். தந்தைக்கு மருந்துக்கடை, தாயார் செவிலியர். மான்செஸ்டரில் மருத்துவம் பயின்று, இரண்டாம் உலகப்போரில் எகிப்தில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். பிறகு ரைட்டிங்டன் மருத்துவமனையே அவருடைய ஆராய்ச்சிக்கூடமாயிற்று.

செயற்கை மூட்டு வைத்த ஒருவரின் இடுப்பு, அசையும்போதெல்லாம் கிறீச்சிட்டதாம். உராய்வே பகை என்று உணர்ந்த சார்ன்லி, வழுவழுப்பான டெஃப்ளானில் கிண்ணம் செய்து ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்தினார். சில ஆண்டுகளில் அது தேய்ந்து, துகள்கள் உடலைப் புண்படுத்தின. பழியை யார்மீதும் போடாமல், அந்தப் பொருளைத் தம் தொடையிலேயே செலுத்திச் சோதித்தார்! 1962-இல் அவருடைய உதவியாளர் ஹாரி கிரேவன் பாலிஎத்திலீன் துண்டொன்றை இயந்திரத்தில் தேய்த்துப் பார்த்தார். முதலில் அதை வீண்வேலை என்று ஒதுக்கியவர் சார்ன்லிதான். ஆனால் அது தேயவில்லை. அவ்வாண்டு நவம்பரில் புதிய மூட்டு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இயற்கை மூட்டில் பந்து போன்ற எலும்புத்தலை கிண்ணத்தை விட்டு நழுவாமல் வலுவான இணைநார்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன. அறுவையில் அவற்றை வெட்ட நேரிடும். உராய்வைக் குறைக்க சார்ன்லி அமைத்த பந்தோ 22 மில்லிமீட்டர்தான். இயற்கைத் தலையில் பாதி அளவு. சிறு பந்து எளிதில் நழுவும். அறுந்த நார்களின் வேலையை யார் செய்வது? தசைகள்! தொடையெலும்பின் வெளிப்புற முண்டைத் தசையோடு வெட்டியெடுத்து, சற்றுக் கீழே இறக்கிக் கம்பியால் கட்டினார். தசை விறைப்பாக நின்று பந்தைக் கிண்ணத்துக்குள் அழுத்தியது. எனக்கு இதுவே அவருடைய மிக அழகான யோசனையாகத் தோன்றுகிறது.

பின்வந்தோர் பெரிய பந்துகளை அமைத்தனர். பந்தையும் கிண்ணத்தையும் செயற்கை நாரால் பிணைக்கவும் சிலர் முயன்றுள்ளனர்.

1977-இல் சர் பட்டம் பெற்ற சார்ன்லி, 1982 ஆகஸ்டு 5-இல் மறைந்தார். மூட்டு மாற்றிக்கொண்ட பாட்டியிடம் குத்துக்காலிட்டு உட்காராதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது, அந்தப் பந்து நழுவிவிடுமோ என்ற அச்சத்தால்தான்.